சேப்பாக்கமா, தரமணியா?

காசிமேட்டிலும் தண்டையார்பேட்டையிலும் இதழியல் படிக்கத் துடிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது இதைத்தான்: சேப்பாக்கம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு முதுகலையா, தரமணி ஆசிய இதழியல் கல்லூரியில் ஓராண்டு முதுநிலை டிப்ளமோவா?

தரமணியில் பயிற்சி கடுமையானது. களத்துக்குப் போய்வந்து, கெடுவுக்குள் எழுதி, திருத்தம் வாங்கி, மறுபடியும் எழுத வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் நாளே அது கைகொடுக்கும். ஆனால் கட்டணம் லட்சங்களில். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்துப் பிழைக்கும் வீட்டுக்கு அது பெருங்கடன். உதவித்தொகை உண்டு, விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

சேப்பாக்கத்தில் செலவு மிகக் குறைவு. ராயபுரத்தில் மின்சார ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் பறக்கும் ரயிலுக்கு மாறினால் போதும். கல்லூரி ஆசிரியராகும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்: உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு முதுகலைப் பட்டம் கட்டாயம், பொதுப்பிரிவினருக்கு 55 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். டிப்ளமோ அங்கே செல்லாது.

என் ஓட்டு சேப்பாக்கத்துக்கே. இரண்டு ஆண்டுகள் இருந்தால் சொந்த ஊரை ஆழமாக எழுதிப் பழகலாம். 2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து வலையெல்லாம் கரும்பிசுக்கானதே, அந்த மீனவர்கள் பட்ட பாட்டை அவர்கள் பிள்ளைகளே ஆய்வேடாக எழுதட்டும்.