'யுவ வருடம்' காட்டி விற்கப்படும் நாவலர் நூல்கள்: வாங்குவோர் கவனத்திற்கு

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே பழைய தமிழ் நூல்களை விற்கும் ஒருவரிடம், ஆறுமுக நாவலரின் பாலபாடப் புத்தகம் ஒன்றை, அது நாவலர் வாழ்ந்த காலத்துப் பதிப்பு என்று அவர் உறுதி கூறியதன்பேரில், 38,000 ரூபா கொடுத்து வாங்கி ஏமாற்றப்பட்டேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபின் இத்தகைய பிரதிகள் எங்கும் கிடையா என்பது அவரது பேச்சின் பல்லவி. நூல் நைந்துவிடும் என்று சொல்லி, பணம் கைமாறும்வரை பொலித்தீன் உறையைப் பிரிக்க விடவில்லை.

முகப்புத் தாளில் இருந்த 'யுவ வருடம்' என்பதை 1875 என அவர் விளக்கினார். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் 1935உம் யுவ வருடமே. நாவலர் 1879இல் மறைந்த பின்னரும் அவருடைய பாடநூல்கள் தொடர்ந்து அச்சாகி வந்திருக்க, ஆங்கில ஆண்டும் பதிப்பு எண்ணும் இன்றி வருடப் பெயர் மட்டும் எதையும் நிறுவாது. அவ்விரண்டும் இருந்திருக்க வேண்டிய அடிப்பகுதியைப் பூச்சி அரித்துவிட்டதாம். பூச்சி ஒரு தாளோடு நின்றுவிடுமா? அடுத்த தாளில் அதே இடத்தில் ஊசித்துளைகூட இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஓட்டையின் ஓர் ஓரம் பிளேட்டால் கீறியதுபோல் நேராக ஓடுகிறது. கடைசித் தாளிலுள்ள விளம்பரம் சந்தேகத்துக்கே இடம் வைக்கவில்லை. விற்பனைக்குள்ள நூல்களின் வரிசையில் நாவலருடைய சரித்திரமும், அவர் சிவபதமடைந்த ஆண்டுடன், அச்சிடப்பட்டிருக்கிறது.

1935ஆம் ஆண்டுப் பிரதிக்கும் அதற்குரிய மதிப்பு உண்டு. அது இந்த விலையன்று. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பழைய புத்தகத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று கூறி என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். அவர் தந்த பற்றுச்சீட்டிலும் 'பழைய புத்தகம் 1' என்பதற்கு மேல் எதுவும் இல்லாததால், முறைப்பாடு செய்யப் போனாலும் கையில் காட்ட ஆதாரமில்லை. மருதானையில் விஜேவர்தன மாவத்தைக் கடைகளில் எந்தப் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகிறோம். பல மடங்கு விலை சொல்பவரிடம் அந்த உரிமையை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? நூலின் பெயர், பதிப்பு, ஆண்டு ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட மறுப்பவரிடம் முற்பணமும் கொடுக்காதீர்கள்.

இப்போது அதே நபர் சைவ வினாவிடைப் பிரதி ஒன்றின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி வருகிறார். அதன் முகப்பிலும் அடிப்பகுதி அரிக்கப்பட்டிருக்கிறது. விலை பேசுவோர் முதலில் அதன் கடைசித் தாள்களின் படத்தைக் கேட்டு வாங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.