கொழும்பில் சூரியோதயம் பார்க்க எது நல்லது: காலி முகத்திடலா, பேர வாவியா, காக்கைதீவா?

மச்சானுக்கு ஊர் வடமராட்சி கிழக்கு. அங்கே சூரியன் கடலிலிருந்துதான் எழும்பும். அந்த ஞாபகத்திலே, கொழும்புக்கு வந்தவன் விடியக்காலை ஐந்து மணிக்கு என்னை எழுப்பிக் காலி முகத்திடலுக்கு இழுத்துக்கொண்டு போய், கடலைப் பார்த்தபடி முக்கால் மணிநேரம் போனைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் முதுகு சுடத் தொடங்கத்தான் திரும்பிப் பார்த்தான். சூரியன் ஹோட்டல் கட்டடங்களுக்குப் பின்னால் எப்போதோ ஏறிவிட்டது.

கொழும்புக்குக் கடல் மேற்கே. இது ஒன்றை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஆனாலும் காலி முகத்திடலை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். 1859இல் ஆளுநர் ஹென்றி வோர்ட் அந்த நடைபாதையைப் போட்டு முடித்தது கடற்காற்று வாங்கத்தான், அந்த வேலைக்கு இன்றைக்கும் அது முதல் தரம். சூரியனை விடுங்கள், அந்த நேரத்தில் மேற்கே பாருங்கள்: தூரத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களின் விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கும், கடல் கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறும். வெள்ளவத்தைப் பக்கத்திலிருந்து வருபவர்களுக்குக் காலி வீதியில் 100, 101 பஸ் எதில் ஏறினாலும் சரி, வாசலிலேயே இறக்கிவிடும். இறால் வடையை நினைத்துக்கொண்டு மட்டும் போகாதீர்கள், அது பின்னேரத்துச் சமாச்சாரம்.

பேர வாவிக்கு வருவோம். பெரஹர மாவத்தைப் பக்கத்துக் கரையில் நின்றால் கிழக்கே தண்ணீர், தண்ணீருக்கு நடுவே சீமமாலகம் என்ற பௌத்த விகாரை, அதற்கும் பின்னால் உயர்ந்த கட்டடங்கள். ஒன்று மற்றதில் சாய்ந்து நிற்கும் அல்டெயார் கோபுரங்களும் அந்தப் பக்கம்தான். சீமமாலகம் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1976இல் வடிவமைத்தது, அதன் ஓட்டுக் கூரை அந்த அரை வெளிச்சத்தில் தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரியும். அப்புறம் கூழைக்கடாக்கள். ஒரு நாள் ஒன்று எனக்கு நாலு அடி தள்ளிக் கம்பி வேலியில் உட்கார்ந்து, அலகின் கீழ்ப் பையை விரித்து ஒரு கொட்டாவி விட்டது பாருங்கள், உள்ளே மெல்லிய நரம்பெல்லாம் வெளிச்சத்தில் சிவப்பாகத் தெரிந்தது. நான் வந்த காரியத்தையே மறந்துவிட்டேன். குறை என்றால் நாற்றம். வெயில் நாட்களில் தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகிவிடும், காற்று உங்கள் பக்கம் வீசினால் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது. சூரியனும் கட்டடங்களைத் தாண்டி வருவதற்குள் சிவப்பு போய் வெள்ளையாகிவிடும். நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் அது சாய்ந்து சாய்ந்து ஏறாது, ஏறக்குறைய செங்குத்தாக ஏறும், நிறம் எல்லாம் கொஞ்ச நேரக் கூத்துதான்.

என் வோட்டு காக்கைதீவுக்கு. மட்டக்குளியில், களனி கங்கை கடலில் விழும் இடம். சிவனொளிபாதமலைப் பக்கத்து மலைகளில் தொடங்கி 145 கிலோமீற்றர் ஓடி, வழியில் கொழும்புக்குக் குடிதண்ணியும் கொடுத்துவிட்டு வருகிற ஆறு இங்கேதான் முடிகிறது. சூரியன் வருவதும் ஆறு வருகிற உள்நாட்டுப் பக்கத்திலிருந்துதான், நடுவில் மறைக்க மாடிக் கட்டடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அக்கரையில் வத்தளைப் பக்கத்துத் தென்னைகள். மழை பெய்த அடுத்த நாள் போனால் ஆற்றின் மண் நிறம் கடலுக்குள் நீண்டு, ஓர் இடத்தில் கத்தியால் வெட்டியது போல் நின்று, அந்தப் பக்கம் நீலம் தொடங்குவதைப் பார்க்கலாம். ஆகாயத்தாமரைத் திட்டுகள் மிதந்து வந்து அந்தக் கோட்டில் திண்டாடும். பிளாஸ்டிக் போத்தல்களும் வரும், அதையும் சொல்லத்தானே வேண்டும். கரை ஒதுங்கும் குப்பையைப் பார்த்து முதல் தடவை என் மனைவி திரும்பிப் போவோம் என்றுவிட்டாள். குளிக்க இறங்கவே கூடாது, ஆறும் கடலும் இழுத்துப் பறிக்கும் இடம்.

போய்ச் சேர்வதும் சுலபமில்லை. அந்த நேரத்தில் புறக்கோட்டைக்கு வந்து மட்டக்குளி பஸ் பிடிப்பதற்குள் விடிந்துவிடும், ஆகவே ஓட்டோ. தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது, முக்கியமாகப் பெண்கள். இந்த விஷயத்தில் காலி முகத்திடல் எங்கேயோ மேல், அங்கே நாலரைக்கே நடக்க வந்துவிடுவார்கள்.

ஆக, வயதான அம்மா அப்பாவைக் கூட்டிப் போவதென்றால் காலி முகத்திடல். எட்டு மணிக்கு வேலைக்கு ஓட வேண்டியவர், கெமராக்காரர் என்றால் பேர வாவி. லீவு நாள், கூட்டாளிமார் இருக்கிறார்கள் என்றால் யோசிக்காமல் காக்கைதீவு. திரும்பும் வழியில் முகத்துவாரம் காளி கோயிலில் ஒரு கும்பிடு, கொட்டாஞ்சேனையில் தோசை.

நேரம் பெரிதாக மாறாது, வருஷம் முழுக்க 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான். டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் தெளிவு, மே கடைசிக்குப் பிறகு தென்மேல் பருவக்காற்று மேகம் குழப்பிவிடும். உயர்ந்த மாடி வீட்டில் யாராவது தெரிந்தவர் இருந்தால் பெப்ரவரி மூன்றாம் வாரத்தில் அவர் பல்கனியைக் கேட்டுப் பாருங்கள். அப்போது சூரியன் கிழக்கிலிருந்து பத்துப் பாகை தெற்கே, கிட்டத்தட்ட சிவனொளிபாதமலை இருக்கும் திசையில் எழும்பும், மேகம் இல்லாவிட்டால் மலையின் கூம்பு கறுப்பாகத் தெரியும். மச்சானுக்கு அதை இன்னும் காட்டவில்லை.