கொங்பிங்குக்கு ஃபேர் சரி, கொங்ஜெங்குக்கு எது?

நியாயத்தைப் பற்றிப் பேசும் சீனர்கள் நாக்கில் இரண்டு சொற்கள் முந்திக்கொண்டு வரும். கொங்பிங்கில் 'பொது'வோடு 'மட்டம்' சேர்ந்திருக்கிறது, கொங்ஜெங்கில் 'பொது'வோடு 'நேர்'. பங்கு மட்டமாக விழுந்தால் முதல் சொல். பிரித்துக் கொடுத்த ஆள் கோணாமல் நின்றால் இரண்டாவது. ஆங்கிலம் படிக்கும் சீன மாணவர்கள் இவற்றை ஆங்கிலத்தில் சொல்லப் போனால்தான் தடுமாற்றம்.

கொங்பிங்குக்கு ஃபேர் போதும். வெளிர் நிறம், சுமாரான மதிப்பெண், சந்தை எல்லாம் அதே ஃபேர்தான் என்றாலும் இடம் பார்த்துப் பொருள் விளங்கிவிடும்.

கொங்ஜெங்குக்குத்தான் ஜஸ்ட்டா (நீதியான), இம்பார்ஷியலா (பக்கம் சாராத) என்ற போட்டி. 2012இல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் 18ஆவது மாநாடு முன்வைத்த 12 விழுமியங்களில் கொங்ஜெங்கும் உண்டு. அதன் அதிகாரபூர்வ ஆங்கிலம் ஜஸ்டிஸ். அதைப் பார்த்துப் பழகியவர் கால்பந்து நடுவரையும் 'எ ஜஸ்ட் ரெஃப்ரி' என்று எழுதினால் ஆச்சரியமில்லை. இலக்கணப் பிழை இல்லை, ஆனால் பழங்கால அரசரைப் புகழ்வது போல ஒலிக்கும். போதாக்குறைக்கு, அந்த 'எ' கொஞ்சம் நகர்ந்து 'ஜஸ்ட் எ ரெஃப்ரி' ஆனால் 'வெறும் நடுவர்தானே' என்றாகிவிடும்! பாராட்டப் போய் மட்டம் தட்டின கதை. என் ஓட்டு இம்பார்ஷியலுக்கே.

'ஒருதலைச் சார்பு இல்லாத' என்ற பொருளுள்ள அன்பயஸ்ட் சீனர்களுக்குச் சுலபம். ஆங்கில பயஸுக்கு மூலப்பொருள் சாய்வு. ஒருதலைச் சார்புக்குச் சீனத்தில் உள்ள பியென்ஜியெனும் 'சாய்ந்த பார்வை'தான். ஆனால் வினைக்கு விகுதி சேர்க்காத மொழியிலிருந்து வருவதால் கடைசி 'ட்' காணாமல் போகும்: 'ஹி இஸ் அன்பயஸ்'. ஆங்கிலேயர்களே 'ஹி இஸ் பயஸ்' என்று எழுதுவதுண்டு, அது வேறு விஷயம்.

சொந்த விருப்புவெறுப்பு கலக்காத அப்ஜெக்டிவுக்குச் சீனச் சொல் கெகுவான், எழுத்துக்கு எழுத்து 'விருந்தாளியின் பார்வை'. அதற்கு எதிர்ச்சொல் ஜுகுவான், 'வீட்டுக்காரர் பார்வை'. வந்த விருந்தாளிக்கு வீட்டுச் சண்டையில் பக்கம் இல்லையே! எனக்கு ஆங்கிலச் சொல்லைவிட இதுதான் பிடிக்கும். ஆனால் எல்லா இடத்திலும் அப்ஜெக்டிவ் போடக் கூடாது. அறிக்கை, தரவு, மதிப்பீடு என்றால் சரி. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே அளவு கேக் வெட்டும் அம்மாவுக்கு ஃபேர்தான்.

அப்புறம் டிஸ்இன்ட்ரஸ்டட். 'இதில் தனக்கு ஆதாயம் இல்லாதவர்' என்பது பொருள், நீதிபதிக்குக் கச்சிதமான சொல். ஆனால் படிக்கிறவர்களில் பலர் 'ஆர்வமில்லாதவர்' என்று எடுத்துக்கொள்வார்கள். மாணவர்கள் கண்ணில் பட்டால் புரிந்துகொள்ளட்டும், தேர்வுத் தாளில் எழுத வேண்டாம்.