ரூஃப் பாக்ஸ்: லிட்டர் கணக்குக்கு முன் கூரைக் கணக்கு

காரின் கூரைமேல் மாட்டும் சாமான் பெட்டியான ரூஃப் பாக்ஸ் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர் எடுக்கலாம்?" என்றுதான். காரைக்குடியில் என் காரின் தலையில் இருப்பதைப் பார்த்துவிட்டு, வண்டியை ஓரங்கட்டி விசாரித்தவர்களும் இதையேதான் கேட்டார்கள். லிட்டர் கடைசியாக வரவேண்டிய கேள்வி. காரின் கூரை எத்தனை கிலோ தாங்கும், பெட்டியைத் தாங்கக் கூரைக்குக் குறுக்கே மாட்டும் கம்பியான கிராஸ்பாரை எங்கே பிடிக்க முடியும், டிக்கி கதவைத் தூக்கினால் பெட்டியில் இடிக்குமா, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தபிறகு பார்த்தால், வாங்கக்கூடிய பெட்டி இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். சில வருடங்கள் வெயிலிலும் மழையிலும் வைத்து ஓட்டியபிறகு இதை எழுதுகிறேன்.

எங்கள் தேவை இதுதான். கார் ஐந்து பேர் உட்காரும் எஸ்யூவி. நாங்கள் நாலு பேர், கூடவே அண்ணன் மகன். பின்சீட் நிறைந்துவிடுவதால் அதை மடக்கிச் சாமான் வைக்க வழியில்லை. இரண்டு டென்ட், ஆளுக்கொரு ஸ்லீப்பிங் பேக், அடியில் விரிக்கும் ஃபோம் பாய், மடக்கு நாற்காலி, அடுப்பு, பாத்திரம், தண்ணீர் கேன் என்று எல்லாவற்றையும் டிக்கியில் அடைத்தால் பின்கண்ணாடி மறைந்துபோகும். பின்னால் வரும் பஸ் தெரியாமல் மலைப்பாதையில் ஏறுவது எனக்குச் சம்மதமில்லை. அதனால்தான் மேலே இடம் தேடினேன்.

மேலே வைக்க மூன்று வழி உண்டு. கம்பிக் கூடை மாதிரி இருக்கும் திறந்த கேரியர் மலிவு. உருண்டை, சதுரம் எதுவானாலும் ஏற்றலாம். ஆனால் தார்ப்பாய் போட்டுக் கயிறு இழுத்துக் கட்டவேண்டும், எங்காவது அரைமணி நேரம் நிறுத்திச் சாப்பிடப் போனால் மனசு வண்டியிலேயே இருக்கும். துணிப் பை சுருட்டி வைத்துக்கொள்ளலாம், வருடத்துக்கு ஒருமுறை போகிறவர்களுக்கு அது போதும். பூட்டு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. கெட்டியான மூடிபோட்ட பெட்டிக்குத்தான் பூட்டும் உண்டு, காற்றைக் கிழிக்கும் மூக்கும் உண்டு. விலைதான் கூடுதல். நல்ல பிராண்டு என்றால் பெட்டி, கிராஸ்பார், நம் கார் மாடலுக்கான பொருத்தும் கிட் மூன்றும் சேர்ந்து அரை லட்சத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். கடைக்காரர் முதலில் சொல்வது பெட்டியின் விலையை மட்டும். மூன்றுக்கும் சேர்த்து விலை கேளுங்கள்.

இப்போது கூரைக் கணக்கு. காரோடு வந்த கையேட்டில் கூரை எடை வரம்பு போட்டிருக்கும். நம் ஊர்க் கார்களில் 50 கிலோவும் உண்டு, 75 கிலோவும் உண்டு, சில பெரிய வண்டிகளுக்கு 100 வரையும் உண்டு. இந்த வரம்பு சாமானுக்கு மட்டுமானதல்ல. கிராஸ்பாரும் பெட்டியும் அதற்குள் அடக்கம். என் காருக்கு 75. பார்கள் 6 கிலோ, பெட்டி 19 கிலோ. மிச்சம் 50 கிலோதான் சாமானுக்கு. இதே பெட்டியை 50 கிலோ வரம்புள்ள காரில் வைத்தால் சாமானுக்குக் கிடைப்பது 25 கிலோ. பெட்டியின் அட்டையில் "75 கிலோ தாங்கும்" என்று அச்சடித்திருப்பது பெட்டியின் பலத்தை. நம் கார்க் கூரையின் பலத்தை அல்ல. இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு.

அடுத்தது ரெயில். கூரையின் இரு ஓரமும் வெள்ளியாகவோ கறுப்பாகவோ நீளக் கம்பி இருந்தாலே பெட்டி ஏற்றலாம் என்று நினைத்துவிடக் கூடாது. பல கார்களில் அது வெறும் அலங்காரம். ஒட்டியோ கிளிப் போட்டோ வைத்திருப்பார்கள், பாரம் தாங்காது. கையேட்டில் ரெயிலுக்கு எடை போட்டிருந்தால்தான் அது உழைக்கும் ரெயில். ரெயிலே இல்லாத மொட்டைக் கூரைக்குக் கதவு விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிட் தனியாக உண்டு. அதிலும் அந்தக் காரின் பெயரும் வருடமும் போட்ட கிட்டையே வாங்கவேண்டும்.

மாட்டும் இடத்தில்தான் கவனம் அதிகம் தேவை. எங்களுக்கு மாட்டித் தந்த தம்பி, கூரை நடுவில் இரண்டு பாரையும் கிட்டக்கிட்ட வைத்தார். கேட்டதற்கு, "எங்க வச்சாலும் பிடிமானம் ஒண்ணுதாண்ணே" என்றார். ஒன்று கிடையாது. இரண்டு பாருக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் வேண்டும் என்று பெட்டியின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. பல பெட்டிகளுக்கு 60க்கும் 80க்கும் நடுவில் வரும். நெருக்கி வைத்தால் பிரேக் அடிக்கும்போதெல்லாம் பெட்டியின் மூக்கு மேலும் கீழும் ஆடும். டேப் வைத்து அளந்து, கூட நின்று மாற்ற வைத்தேன். பிறகு டிக்கி கதவை முழுசாகத் தூக்கிப் பார்த்து, இடிக்காத அளவுக்குப் பெட்டியை முன்னால் தள்ளி, அதற்கப்புறம்தான் திருகை இறுக்கினோம். சன்ரூஃப் உள்ள வண்டியில் அதைத் திறக்க இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். மாட்டிய அன்று 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி எல்லாத் திருகையும் இறுக்கிப் பாருங்கள், கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

நான் எடுத்தது 420 லிட்டர், நீளம் 195 சென்டிமீட்டர், இருபுறமும் திறக்கும் வகை. அகலம் குறைந்து நீளம் கூடியதாகத் தேடியதற்குக் காரணம், டென்ட் மூட்டையும் நாற்காலியும் நீளவாக்கில் படுக்கவேண்டும் என்பது. இருபுறமும் திறப்பதற்குக் கூடக் காசு கொடுத்ததில் எனக்கு முழுத் திருப்தி. மலைச்சாலையில் நிறுத்தும்போது ஒருபக்கம் பாறைச்சுவர் இருக்கும், இல்லையென்றால் வண்டிகள் பாய்ந்துகொண்டிருக்கும். எந்தப் பக்கம் பத்திரமோ அந்தப் பக்கம் திறக்கலாம். கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்துவிட்டது, சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். மேலே என்ன என்று கேட்டால் இறங்கி ஒரு சாவியில் திறந்து காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். தார்ப்பாய் கட்டியவர்களுக்கு அங்கேதான் பாடு.

எதை மேலே ஏற்றுவது, எதைக் கீழே வைப்பது என்பதில் எனக்கு இப்போது ஒரு முடிவான பழக்கம் உண்டு. இடத்தை அடைக்கிற, எடை இல்லாத சாமான்தான் மேலே போகும்: ஸ்லீப்பிங் பேக், ஃபோம் பாய், டென்ட், குளிராடைகள், நாற்காலி. தண்ணீர், அரிசி, பாத்திரம், கருவிப்பெட்டி எல்லாம் கீழே, டிக்கியில், சீட்டை ஒட்டி. பெட்டிக்குள்ளும் பாரமானது இரண்டு பாருக்கும் நடுவில், இலேசானது மூக்கிலும் வாலிலும். உள்ளே இருக்கும் பட்டையால் இறுக்கிக் கட்டவேண்டும். பெட்டி பாதி காலியாக இருந்தால் இன்னும் முக்கியம், இல்லையென்றால் ஒவ்வொரு பிரேக்குக்கும் மூட்டை முன்னால் வந்து மோதும் சத்தம் கேட்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வித்தியாசம் ஸ்டியரிங்கிலேயே தெரிந்தது. மேலே 30 கிலோவுக்குள் இருந்தபோது வண்டி எப்போதும்போல் திரும்பியது. வரம்பை ஒட்டி ஏற்றிப் போனபோது ஒவ்வொரு வளைவிலும் ஒருகணம் தாமதமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. சாமானுக்கு வரம்பு 50 கிலோ என்றாலும் மலைக்குப் போகும்போது 30, 35-க்கு மேல் நான் ஏற்றுவதில்லை.

நம் ஊருக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது வெயில். இந்தப் பெட்டிகளின் குறிப்பேடுகளில் பனியைப் பற்றியும் பனிச்சறுக்குக் கட்டைகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக இருக்கிறது; கத்திரி வெயிலில் நாள் முழுக்க நிற்கும் காரைப் பற்றி ஒரு வரிதான். காரைக்குடியில் சித்திரை, வைகாசியில் மத்தியானம் பெட்டியைத் திறந்தால் உள்ளிருந்து வரும் அனல் முகத்தில் அடிக்கும். அதனால் கேஸ் டப்பாவை எந்தக் காரணத்துக்கும் மேலே வைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று அந்த டப்பாவின் மேலேயே எழுதியிருக்கிறது, மூடிய பெட்டி அதைத் தாண்ட அதிக நேரம் ஆகாது. பவர் பேங்க், எமர்ஜென்சி லைட், மருந்துப் பை இவையும் கீழேதான். ஆத்தா கட்டிக்கொடுக்கும் தேன்குழலும் சீடையும் டின்னோடு காருக்குள் வரும்; மேலே அந்தச் சூட்டில் எண்ணெய் காறிப்போய்விடும்.

பெட்டியின் நிறமும் யோசித்து எடுக்க வேண்டியது. பளபளக்கும் கறுப்புதான் கடையில் அழகாகத் தெரியும், கையிருப்பிலும் அதுதான் இருக்கும். நான் காத்திருந்து வெள்ளி நிறத்தை வாங்கினேன். ஒரே தெருவில் நிற்கும் நண்பரின் கறுப்புப் பெட்டியையும் என்னுடையதையும் மத்தியானம் தொட்டுப் பார்த்தால் எதற்குக் காத்திருந்தேன் என்று கைக்குத் தெரியும்.

மழையைப் பொறுத்தவரை, இவை நீர் புகாத பெட்டிகள் என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். சாதாரண மழைக்கு ஒரு சொட்டு இறங்காது. எதிர்க்காற்றோடு அடித்து ஊற்றும் ஐப்பசி மழையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூடியும் அடிப்பெட்டியும் சேரும் இடத்தில் ஈரம் கசியும். ஸ்லீப்பிங் பேக் ஒவ்வொன்றையும் தடித்த பாலிதீன் பையில் போட்டுக் கட்டி வைக்கிறோம், பிரச்சினை இல்லை. மழையைவிடப் புழுதிதான் பெட்டியைத் தின்கிறது. இந்தப் பக்கத்துச் செம்மண் மாவாகப் பறக்கும். ரப்பர் விளிம்பில் விரலை வைத்து இழுத்தால் சிவப்பாக ஒரு கோடு வரும். அது தங்கத் தங்க ரப்பர் காய்ந்து, மூடி சரியாக உட்காராமல், பூட்டும் இறுகிப்போகும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஈரத்துணியால் விளிம்பைத் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கான் ஸ்ப்ரே அடிக்கிறேன். பெட்ரோல், தின்னர் வைத்துத் துடைக்கக் கூடாது.

துருவைப் பற்றி விசாரிக்க எங்கள் ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. உலோக அரிப்பை ஆராயும் சிக்ரி இங்கேதான் இருக்கிறது. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள் பாரைப் பார்த்துவிட்டு, அலுமினியத்தில் இரும்புத் திருகு முடுக்கியிருக்கும் இடங்களைக் காட்டி, "தனுஷ்கோடிப் பக்கம் போனா வந்த அன்னைக்கே நல்ல தண்ணியில கழுவிடு தம்பி. உப்பும் ஈரமும் சேர்ந்தா இரும்பு தொடுற இடத்துல அலுமினியம் அரிச்சுப்போகும்" என்றார். திருகு மரையில் கிரீஸ் தடவச் சொன்னதும் அவர்தான். கடற்கரைக்குப் போய்வந்தால் பாரைக் கழற்றிக் கழுவுவது அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது.

மைலேஜ் குறையும், இதில் மறைக்க ஒன்றுமில்லை. அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்குப்படி, மொத்தையான பெரிய ரூஃப் பாக்ஸ் நகரத்தில் 2 முதல் 8 சதவீதமும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதமும், மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதமும் மைலேஜைக் குறைக்கும். என் டீசல் வண்டி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும். பெட்டியோடு 80 வேகத்தில் போனால் 16-க்குப் பக்கம், 100-ஐத் தொட்டால் 15-க்கும் கீழே. 90-க்கு மேல் காற்றுச் சத்தமும் எழும். ஆடி மாதத்தில் தேனி, கம்பம் பக்கம் போகிறவர்கள் பக்கக் காற்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலைக் கணவாயிலிருந்து வரும் காற்று திறந்தவெளியில் வண்டியைத் தள்ளும், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும்.

இதனால்தான் பயணம் இல்லாத நாளில் பெட்டியைக் கழற்றிவிட வேண்டும் என்கிறேன். சுமையே இல்லாமல் காற்றை மட்டும் சுமந்துகொண்டு செக்காலை ரோட்டில் சுற்றுவதற்கு அது டீசல் குடிக்கும். கழற்ற இரண்டு பேர், பத்து நிமிடம். வைக்க இடம் வேண்டும் என்பதை வாங்கும்முன்பே யோசியுங்கள். ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம். எங்களுக்குப் பழைய வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் தேக்கு உத்திரம் இருப்பதால், இரண்டு அகலமான பட்டையும் ஒரு கப்பியும் போட்டு மேலே ஏற்றிவிடுகிறோம். வெயிலும் இல்லை, மேலே யாரும் சாமான் அடுக்கவும் முடியாது.

பெட்டியோடு சேர்த்து என் காரின் உயரம் 2 மீட்டர் 20. மதுரையில் பேஸ்மென்ட் பார்க்கிங் உள்ள இடங்களில் 2.1 என்று போர்டு தொங்கும். ஒரு சின்னச் சீட்டில் உயரத்தை எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மனைவி ஓட்டினாலும் அண்ணன் ஓட்டினாலும் கண்ணில் படும்.

கேம்பிங்குக்கென்று வாங்கிய பெட்டி, வீட்டில் எல்லோருக்கும் உறவாகிப்போனது தைப்பூசத்தில்தான். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரையில் எங்கள் வீட்டிலிருந்தும் ஆட்கள் போகிறார்கள். நடப்பவர்களின் போர்வை, பாய், மாற்று வேட்டி சேலை எல்லாம் பெட்டிக்குள். கால் வலிக்கிற பெரியவர்கள் வந்து ஏற, சீட் காலியாக இருக்கும். இராத்தங்கும் இடத்தில் பக்கவாட்டில் திறந்து யாருடைய பை எது என்று எடுத்துக் கொடுக்க, உள்ளே ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கை ஒட்டிவைத்திருக்கிறேன்.

யார் வாங்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். மூன்று பேருக்குள் போகிறவர்கள் பின்சீட்டில் ஒருபாதியை மடக்கினாலே போதும். 50 கிலோ வரம்புள்ள சின்னக் கார் என்றால் துணிப் பையைப் பாருங்கள், பெட்டியே பாதி எடையைத் தின்றுவிடும். வருடத்துக்கு ஒரு பயணம் என்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். பழைய பெட்டி வாங்குவதும் நல்ல யோசனைதான். மூடியைத் திறந்தால் கீழே இறங்காமல் நிற்கிறதா, சாவி இரண்டும் இருக்கிறதா, பாரைக் கவ்வும் இடத்தைச் சுற்றி மயிர்க்கோடு மாதிரி விரிசல் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.