கம்பெனி டயரா, குண்டு டயரா?

ஸ்பிளெண்டர் பின்சக்கரத்துக்குக் கம்பெனி அளவு 80/100-18 (அகலம் 80 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 100 சதவீதம், ரிம் விட்டம் 18 அங்குலம்). வேலூர் காட்பாடி ரோட்டில் அதிலேயே 120/80-18 மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். ரிம் அகலம் மட்டும் அதே 1.6 அங்குலம்! டயர் சரியாக உட்காராமல் பிதுங்கி உருண்டையாகிறது. ஓரம் செயின் கவரிலோ பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலோ உரசும். மைலேஜும் இறங்கும். கெத்துக்குக் கட்டும் தண்டம்.

நிறுத்தும்போதுதான் கூத்து. சக்கரத்தின் ஆரம் சுமார் 16 மில்லிமீட்டர் கூடுவதால் சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தரையைத் தொட்டு வண்டி ஆடும். அதனால் சைடு ஸ்டாண்டு. அதிலும் கூடுதலாகச் சாயும். லாங் பஜாரில் இப்படி ஒன்று சாய்ந்தால் இரண்டு வண்டி இடம் போச்சு, தள்ளுவண்டிக்காரர் திட்டாமல் என்ன செய்வார்?

கம்பெனி டயர் சென்டர் ஸ்டாண்டில் நிமிர்ந்து நிற்கும். அகலம் வேண்டுமென்றால் 90/90-18 வரை போகலாம், அதுவும் ரிம் அகலம் 1.85 அங்குலமாக இருந்தால்.