விளையாட்டு வீரர்களும் சிபிடி எண்ணெயும்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிய வருபவை

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை (வாடா) 2018 ஜனவரி 1 முதல், கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் போதை தராத வேதிப்பொருளான சிபிடியைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எடுத்தது சிபிடியை மட்டும்தான். கஞ்சாச் செடியில் இருக்கும் டிஎச்சி (போதை தருவது இதுதான்), சிபிஜி, சிபிஎன் உள்ளிட்ட மற்ற எல்லாக் கன்னாபினாய்டுகளுக்கும் போட்டிக் காலத்தில் இன்றும் தடை உண்டு. போட்டிக்கு முந்தைய நாள் இரவு 11.59 மணிக்கே போட்டிக் காலம் தொடங்கிவிடுகிறது. சோதனைக்கு உட்படும் வீரர் ஒரு சிபிடி புட்டியை வாங்கும்போது மனத்தில் வைக்கவேண்டியது இதைத்தான். புட்டியின் மேலட்டையில் இது இருக்காது.

சந்தை வளர்ந்த வேகம் வேறு கதை. 2016 ஆகஸ்டில் யுஎஃப்சி 202 என்ற கலப்புச் சண்டைப் போட்டி முடிந்த செய்தியாளர் சந்திப்பிலேயே வீரர் நேட் டயஸ் சிபிடி வேப் (மின்சிகரெட்) பிடித்தார். அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை பகிரங்க எச்சரிக்கையோடு விட்டது. 2018 டிசம்பரில் டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மிகாத கஞ்சாச் செடி வகையான ஹெம்ப்பை அமெரிக்க வேளாண் சட்டம் அனுமதித்ததும் கதவு திறந்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் ராப் கிரான்கவுஸ்கி, கோல்ஃப் வீரர் பப்பா வாட்சன் போன்றவர்கள் விளம்பரத்துக்கு வந்தார்கள். இங்கிலாந்தில் ஜார்ஜ் குரூயிஸ், டொமினிக் டே என்ற ரக்பி வீரர்கள் சொந்தமாகவே 'ஃபோர்ஃபைவ்' என்ற சிபிடி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2022 அக்டோபரில் 'சார்லட்ஸ் வெப்' நிறுவனத்தின் தயாரிப்பு அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் அதிகாரப்பூர்வ சிபிடி ஆனது. தொழில்முறை ரக்பி வீரர்கள் 517 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒருவர் சிபிடியைப் பயன்படுத்தியிருந்தார்.

இனி புட்டிக்கு வருவோம். கடைகளில் மூன்று வகை கிடைக்கும். ஃபுல் ஸ்பெக்ட்ரம் என்பதில் டிஎச்சியும் இருக்கும். பிராட் ஸ்பெக்ட்ரமில் டிஎச்சியை நீக்கியிருப்பார்கள், ஆனால் சிபிஜி, சிபிஎன் இருக்கும். ஐசோலேட் என்பது தூய சிபிடி. பிராட் ஸ்பெக்ட்ரம் வீரர்களுக்குப் பாதுகாப்பானது என்று விற்பவர்கள் சொல்வது பாதி உண்மை. டிஎச்சிக்குச் சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 நானோகிராம் என்ற வரம்பாவது இருக்கிறது (180ஐத் தாண்டினால்தான் புகார்). சிபிஜிக்கும் சிபிஎன்னுக்கும் அப்படி ஒரு சலுகை வரம்பு கிடையாது. ஆகவே சோதனைக்கு உட்படுபவருக்கு ஐசோலேட் தவிர வேறு பேச்சே வேண்டாம்.

அமெரிக்கச் சட்டம் டிஎச்சிக்கு வைத்த 0.3 சதவீதம் என்பது சின்ன எண்ணாகத் தெரியும். கணக்குப் போட்டால் அப்படி இல்லை. 30 மி.லி. எண்ணெயின் எடை சுமார் 27.6 கிராம். அதில் 0.3 சதவீதம் என்றால் 83 மி.கி. டிஎச்சி. ஒரு மில்லிலிட்டருக்கு 2.8 மி.கி. காலை மாலை ஒவ்வொரு மி.லி. எடுத்தால் தினமும் ஐந்தரை மி.கி.க்கு மேல் உள்ளே போகிறது. டிஎச்சி கொழுப்பில் தங்கும். மாதக்கணக்கில் இப்படி எடுத்தவர் போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் நிறுத்தினால் போதாது. உடலில் எப்படிச் சேர்ந்திருந்தாலும் வீரரே பொறுப்பு என்பதுதான் வாடா விதி. புட்டியில் எழுதியிருந்ததை நம்பினேன் என்ற விளக்கம் தண்டனைக் காலத்தைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமல் ஆக்காது.

லேபிளை நம்பவும் வழியில்லை. இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருட்களைச் சோதித்து 2017இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 26 மட்டுமே லேபிளில் சொன்ன அளவோடு ஒத்துப்போயின. 18 பொருட்களில் டிஎச்சி இருந்தது. அதனால் ஆய்வகச் சான்றிதழை எடுத்து, முதலில் அதிலுள்ள பேட்ச் எண்ணும் புட்டியின் அடியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பல நிறுவனங்கள் பழைய பேட்சின் சான்றிதழையே வருடக்கணக்கில் தொங்கவிட்டிருக்கும். அடுத்து, டிஎச்சிக்கு நேரே 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தால் அங்கேயே நிற்காமல், அந்த ஆய்வகம் அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன என்று தேடுங்கள். அது 0.01 சதவீதம் என்றால், கண்டறியப்படாத அந்தப் புட்டியிலும் 2.8 மி.கி. வரை ஒளிந்திருக்க இடமுண்டு. என்எஸ்எஃப் என்ற சோதனை அமைப்பின் விளையாட்டுக்கான முத்திரை இருந்தால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும். அந்த முத்திரை பெற்ற சிபிடி பொருட்கள் மிகச் சிலவே.

எடுக்கும் முறையில் பலரும் கோட்டைவிடுவது சாப்பாட்டில். வெறும் வயிற்றில் விழுங்கிய சிபிடியில் ஆறு சதவீதம் அளவுதான் ரத்தத்துக்குப் போகிறது. கொழுப்பு மிகுந்த உணவோடு எடுத்தால் இது சுமார் நான்கு மடங்காகிறது. ஒருநாள் முட்டையோடும் மறுநாள் வெறும் தேநீரோடும் எடுப்பவர் ஒரே அளவைத்தான் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருப்பார், உடலுக்குக் கிடைப்பதோ நாளுக்கு நாள் வேறு. நாக்கடியில் ஒரு நிமிடம் வைப்பதால் பெரிய லாபம் இல்லை, பெரும்பகுதி கடைசியில் விழுங்கத்தான் படுகிறது. டிராப்பரை ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் முழு மி.லி. ஏறாது. கோடு பார்த்து எடுக்கவேண்டும். அடர்த்தி கூடிய ஐசோலேட் எண்ணெய் குளிரில் அடியில் படிகமாகத் தங்கும். குலுக்காமல் எடுத்தால் முதல் வாரம் வெறும் எண்ணெய், கடைசி வாரம் இரட்டிப்பு அளவு.

தொடர்ந்து எடுக்கும்போது உடலில் சிபிடியின் அரை ஆயுள் (அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 60 மணி நேரத்தை ஒட்டி இருப்பதால், ரத்தத்தில் அளவு நிலைப்பட ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே 'வேலை செய்கிறது' என்பவர்களும், ஐந்தாம் நாளே அளவைக் கூட்டுபவர்களும் அவசரப்படுகிறார்கள்.

பலன்? பயிற்சிக்குப் பிந்தைய தசைவலியில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். 150 மி.கி. கொடுத்துச் செய்த ஆய்விலும் வலி குறையவில்லை. பதற்றத்தில் சற்று நம்பிக்கையான முடிவுகள் உண்டு. ஆனால் மேடைப்பேச்சுச் சோதனையில் 300 மி.கி. பலன் தந்தது, 150உம் 600உம் தரவில்லை. நீண்ட நாள் எடுக்கும் வீரர்கள் அதிகம் சொல்வது தூக்கத்தைப் பற்றி. அதில் சிபிடியின் பங்கு எவ்வளவு, படுக்கைக்கு முன் ஒரு ஒழுங்கு வந்ததன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இங்கேதான் காசுக் கணக்கு இடிக்கிறது. 30 மி.லி., 1000 மி.கி. புட்டி 60 டாலர் என்று வைத்துக்கொண்டால் மி.கி.க்கு 6 சென்ட். ஆய்வில் பலன் தந்த 300 மி.கி.க்கு நாளொன்றுக்கு 18 டாலர், புட்டி நான்காம் நாள் காலி. விற்பவர்கள் பரிந்துரைக்கும் 20, 30 மி.கி.க்கு விளையாட்டில் ஆதாரம் மிகக் குறைவு. பிரிட்டன் உணவுத் தர முகமையோ 2020இல் நாளுக்கு 70 மி.கி. என்று சொல்லியிருந்த மேல்வரம்பை 2023 அக்டோபரில் 10 மி.கி. ஆக்கிவிட்டது.

அந்த எச்சரிக்கைக்குக் காரணங்களில் ஒன்று கல்லீரல். 2025இல் வெளியான சோதனையில், உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 28 நாள் எடுத்தவர்களில் 5.6 சதவீதத்தினருக்குக் கல்லீரல் நொதிகள் வழக்கமான உச்ச வரம்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறின. வீரர்களுக்கு இதில் ஒரு குழப்பம் உண்டு. கடும் பளுப்பயிற்சிக்குப் பிறகு தசையிலிருந்தும் ஏஎஸ்டி, ஏஎல்டி நொதிகள் கசியும். ரத்தப் பரிசோதனைக்கு முன் சில நாட்களாவது கடும் பயிற்சியை விட்டுவிட்டு, சிகே, ஜிஜிடி என்ற வேறு இரண்டு நொதிகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிகே மட்டும் ஏறியிருந்தால் தசை, ஜிஜிடியும் ஏறியிருந்தால் கல்லீரலைச் சந்தேகிக்கவேண்டும். வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் இருக்க), குளோபசாம் (வலிப்புக்கு), சிட்டலோபிராம் (மனச்சோர்வுக்கு) ஆகிய மருந்துகளை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் சிபிடியை மட்டும் பழிக்காமல், அதைக் கரைத்திருக்கும் எம்சிடி எண்ணெயையும் கவனியுங்கள்.

வலிக்குத் தடவும் களிம்புகளில் லேபிளின் பின்பக்கத்தைப் படியுங்கள். அமெரிக்காவில் விற்கும் பலவற்றில் 'செயல்படும் பொருள்' என்ற இடத்தில் மென்தாலும் கற்பூரமும் இருக்கும், ஹெம்ப் எண்ணெய் 'பிற பொருட்கள்' வரிசையில் நிற்கும். குளிர்ச்சியும் நிவாரணமும் எதனால் என்று புரியும். ஹெம்ப் விதை எண்ணெய் என்று மலிவாகக் கிடைப்பதிலும் சிபிடி ஏறக்குறைய இல்லை, அது சமையலுக்கானது.

ஃபுல் ஸ்பெக்ட்ரம் புட்டியைக் கையிருப்பு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். 2025 நவம்பரில் கையெழுத்தான அமெரிக்கச் சட்டத் திருத்தம், ஒரு புட்டிக்கு மொத்த டிஎச்சி 0.4 மி.கி.க்கு மேல் கூடாது என்கிறது, ஓராண்டு அவகாசத்தோடு. மேலே போட்ட கணக்கில் அதே புட்டிக்கு 83 மி.கி. வரை இடமிருந்தது.