கார் இல்லாத பயணம்: ஸ்கையா, மல்லா?

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ஒரே ஒரு தீவுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், பலரும் சட்டென்று சொல்வது ஸ்கை. காரில் போகிறவர்களுக்கு அது சரி. 1995-இல் பாலம் வந்தது, 2004-இல் சுங்கமும் ஒழிந்தது. படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. மலையழகிலும் ஸ்கைதான் ஒரு படி மேல். 992 மீட்டர் வரை ரம்பப் பல்லாக எழும் கூலின் மலைக்கு ஈடாக மல் தீவில் எதுவும் கிடையாது.

ரயிலையும் பேருந்தையும் நம்பிப் போவதென்றால் எங்கள் வாக்கு மல்லுக்கு. தீவில் இறங்கிய பிறகு பார்க்கவேண்டிய இடத்துக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஸ்கையில் இடங்கள் திசைக்கொன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. முக்கிய ஊரான போர்ட்ரீயிலிருந்து ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் என்ற பாறைத்தூண் வரை பேருந்து உண்டு. குவிராங் என்ற பாறைச்சரிவுக்கோ பேருந்துச் சாலையிலிருந்து மேட்டில் நெடுந்தூரம் நடக்கவேண்டும். நீஸ்ட் முனைக்கு டாக்ஸி அல்லது ஒருநாள் வேன் சுற்றுலாதான் கதி.

மல்லில் எல்லாம் சங்கிலிபோலக் கோத்திருக்கிறது. கிளாஸ்கோவிலிருந்து கரையோர ஊரான ஓபனுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ரயில். நிலையத்தை விட்டு இறங்கினால் சில நிமிட நடையில் படகுத்துறை. அங்கிருந்து மல்லின் துறையான கிரெக்னியூருக்குச் சுமார் 50 நிமிடம். கோடையில் காருக்கு இடம் பிடிப்பதுதான் பாடு. நடந்து ஏறுகிறவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. துறையிலேயே பேருந்து நிற்கும்: வடக்கே டோபர்மோரி ஊருக்கு 95-ஆம் எண், மேற்கே, ஐயோனா என்ற சிறு தீவுக்குப் படகு ஏறும் ஃபினஃபர்ட்டுக்கு 96.

கோட்டைவிடும் இடமும் இதுதான். 96 நாளுக்குச் சில தடவை மட்டுமே ஓடும். படகை முதலில் தேர்ந்துவிட்டுப் பேருந்தைத் தேடினால், சுமார் 60 கிலோமீட்டர் ஒற்றைத்தடச் சாலை எதிரே கிடக்க, துறையிலேயே நிற்க நேரும். ஆகவே பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்: ஐயோனா படகு, அதற்கேற்ற 96, அதற்கேற்ற ஓபன் படகு, கடைசியில் ரயில். இது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்கான யோசனை. குளிர்காலத்தில் சேவைகள் குறையும்.

டோபர்மோரியின் வண்ண வீடுகளைப் பார்த்து அங்கேயே அறை போடுகிறவர்கள் அதிகம். ஆனால் அது தீவின் மறுகோடி. ஐயோனாவுக்குப் போக கிரெக்னியூரில் பேருந்து மாறவேண்டும். முதல் இரண்டு இரவு ஃபினஃபர்ட்டிலோ ஐயோனாவிலோ தங்குவதே மேல். இடையில் பத்து நிமிடப் படகுதான். அயர்லாந்துத் துறவி கொலம்பா 563-இல் வந்து மடம் நிறுவிய ஐயோனாவுக்கு வெளியூர்க் கார்களுக்கு அனுமதியே இல்லை. அங்கே எல்லாரும் நடைதான்.

ஸ்டாஃபா என்ற ஆளில்லாத் தீவுக்கும் இங்கிருந்தே படகு. அறுகோண எரிமலைப்பாறைத் தூண்களின் தலைமேல் கால்வைத்து, கடலோர ஃபிங்கல் குகையை நோக்கி நடக்கலாம். நனைந்திருந்தால் வழுக்கும், பிடிப்புள்ள காலணி வேண்டும். அலை உயர்ந்தால் கரையிறக்க மாட்டார்கள், சுற்றிக் காட்டித் திரும்பிவிடுவார்கள். அதனால் ஸ்டாஃபாவை முதல் நாளிலேயே வையுங்கள். மறுநாள் கையிருப்பாக இருக்கும். ஸ்டாஃபாவில் பஃபின் என்ற கடற்பறவைகள் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை. புல்மேட்டில் அசையாமல் உட்கார்ந்தால் சில அடி தூரத்துக்கே வந்து நிற்கும், ஆரஞ்சுக் காலும் பட்டைபட்டையான அலகுமாக.

மிட்ஜ் என்ற கடிக்கும் சிறு பூச்சிக்கு ஸ்கை, மல் இரண்டும் ஒன்றுதான். ஜூனிலிருந்து, காற்று ஓய்ந்த மாலைகளில் மொய்க்கும். தலையை மூடும் வலை ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.